குமிழி அடங்கிவிட்டது, இனி மூடலாமா? வீட்டு இஞ்சிப் பியர் நொதித்து முடிந்ததா என்று பார்க்கும் வழி

இஞ்சிப் பியர் வைத்து மூன்றாம் நாள் விடிய எழும்பி வாளியைத் திறந்து பார்க்கிறீர்கள். நேற்றுவரை புசுபுசுவென்று பொங்கிக்கொண்டிருந்தது இன்றைக்குச் சத்தமில்லாமல் கிடக்கிறது. நுரை வற்றி, வாளியின் உள்விளிம்பில் ஒரு மஞ்சள் கோடாக ஒட்டியிருக்கிறது. உடனே மனதில் வருவது, "சரி, முடிந்துவிட்டது, போத்தலில் அடைப்போம்" என்பதுதான். அந்த இடத்தில் தயவுசெய்து பொறுங்கள். நொதிப்பு அடங்குவது வேறு, முடிவது வேறு. அடங்கியதை முடிந்ததென்று நினைத்து இறுக்கி மூடிய போத்தல்தான் வெடிக்கிறது.

என்ன அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வாளியில் தெரிவது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அளக்கிற பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள், மற்றதெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது.

நான் வைக்கிற அளவு இது: 5 லீற்றர் கிணற்றுத் தண்ணீர், 200 கிராம் சீனி, கால் கிலோ இஞ்சி, இரண்டு தேசிக்காய், பாண் போடுகிற ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. இஞ்சியைத் தட்டிச் சீனியோடு கொதிக்க வைத்து, வடித்து, முழுவதும் ஆறிய பிறகு தேசிப்புளியும் ஈஸ்டும் சேர்ப்பேன். வாளி மூடியில் ஒரு துளை போட்டு, பாமசியில் வாங்கிய சேலைன் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய போத்தலுக்குள் விட்டுவிடுவேன். உள்ளே உண்டாகிற வாயு அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழி குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்றும் ஈயும் உள்ளே வராது.

இந்த அளவு முழுக்க நொதித்து முடிந்தால் ஏறத்தாழ 2 வீதம் மதுசாரம் இருக்கும். ஆகவே நல்லூர்த் திருவிழா நேரம் விரதகாரருக்கோ, வீட்டில் நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்கோ "சோடாதானே" என்று ஊற்றிக் கொடுக்க வேண்டாம். சீனியைக் கூட்டி வீரியமாக்கவும் பார்க்க வேண்டாம். இங்கே இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம்.

அளப்பது எப்படி

சீனி கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரை விடப் பாரம். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன அந்தப் பாரம் குறையும். அதைக் காட்டுகிற கண்ணாடி மிதவைதான் ஐதரோமீற்றர். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். மேலே சொன்ன கலவை தொடக்கத்தில் 1.016 அளவில் நிற்கும். முடியும்போது 1.001 இலிருந்து 0.998 வரைக்கும் இறங்கும். ஒன்றுக்குக் கீழே போகிறதே என்று பயப்பட வேண்டாம். உண்டான மதுசாரம் தண்ணீரை விட இலேசானது, அதனால்தான் அப்படி.

வெளிநாட்டில் மோல்ட் (முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி) போட்டுப் பியர் காய்ச்சுகிற சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு "1.010 வந்தால் முடிந்தது" என்று சொல்லியிருக்கலாம். அது அவர்களுடைய பியருக்குச் சரி. மோல்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ரின் மிஞ்சுவதால் அந்தப் பியர் பெரும்பாலும் 1.008 க்கும் 1.014 க்கும் இடையில் நின்றுவிடும். நம்முடைய கலவையில் இருப்பது வெறும் சீனி. 1.010 இல் நின்றால் பாதிக்கு மேல் சீனி இன்னும் உள்ளேயே இருக்கிறது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால் அது நொதிக்காத பொருட்களையும் கொண்டுவருவதால் முடிவு இலக்கம் சற்று மேலே நிற்கும். ஆகவே இலக்கத்தைப் பாடமாக்கி வைத்திருப்பதில் பயன் இல்லை. இன்றைக்கு அளந்தது, 48 மணித்தியாலம் கழித்து அளந்தது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அத்தோடு அது கீழே வந்து நிற்கும் இலக்கமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முடிந்தது.

அளக்கிறபோது எல்லோரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. வாளியிலிருந்து எடுத்தவுடன் அப்படியே மிதவையை இறக்குவார்கள். கரைந்திருக்கிற வாயு சின்னச் சின்ன முத்தாக அந்தக் கண்ணாடித் தண்டில் ஒட்டும், மிதவையை மேலே தூக்கிப் பிடிக்கும். உண்மையில் 1.000 இல் இருப்பது 1.003, 1.004 என்று தெரியும். இதற்கு மருந்து நம்முடைய கையிலேயே இருக்கிறது: தேத்தண்ணி ஆற்றுவதுபோல ஆற்றுங்கள். இரண்டு பேணி எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தரம் மாற்றி மாற்றி ஊற்றினால் நுரைத்து நுரைத்து அடங்கும். நுரை எழும்பாமல் வெறும் தண்ணீர்போல விழத் தொடங்கியதும் உயரமான ஒடுங்கிய கிளாஸில் ஊற்றி, மிதவையை இறக்கி, தண்டை விரலால் ஒரு தரம் சுழற்றி விடுங்கள். ஒட்டியிருக்கிற முத்தெல்லாம் கழன்றுவிடும். தண்ணீர் கண்ணாடியோரம் கொஞ்சம் ஏறி நிற்கும், அதைப் பார்க்காமல் நடுவில் இருக்கிற தட்டையான மட்டத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து வாசியுங்கள். அளந்ததைத் திரும்ப வாளிக்குள் ஊற்ற வேண்டாம். குடித்துப் பாருங்கள். இலக்கம் சொல்வதும் நாக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது வெப்பம். பெரும்பாலான ஐதரோமீற்றர்கள் 20 பாகை செல்சியஸுக்குச் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில்கூட வீட்டுத் தண்ணீர் அவ்வளவு குளிராது. 30 பாகையில் தண்ணீர் விரிந்து இலேசாவதால் மிதவை ஏறத்தாழ 0.003 குறைத்துக் காட்டும். அட்டவணை தேடி அலைய வேண்டியதில்லை. நீங்கள் பியருக்குப் பாவிக்கிற அதே கிணற்றுத் தண்ணீரை, பியர் இருக்கிற அதே அறையில் வைத்து, முதலில் அதை அளந்து பாருங்கள். எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டியது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பெல்லாம் தண்ணீருக்குப் பாரம்தான். அதனால் எங்கள் தண்ணீர் 0.998 காட்டுகிறது. நான் எல்லா அளவோடும் 0.002 கூட்டிக்கொள்வேன். உங்கள் கிணறு எவ்வளவு காட்டுகிறதோ அதன்படி நீங்கள் கூட்டுங்கள்.

கராஜில் பற்றரி பார்க்கிற ஐதரோமீற்றர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது 1.100 இலிருந்து தொடங்கும், நமக்கு வேண்டிய இடமே அதில் இல்லை. அதோடு அது அசிட்டில் ஊறியது, குடிக்கிற பொருளுக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். பால் பார்க்கிற லக்ரோமீற்றரும் உதவாது. அது 1.015 க்கு மேலேதான் காட்டும், நம்முடையது தொடங்குகிற இடமே அது.

ஐதரோமீற்றரே இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சோடா வந்த அரை லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை நன்றாகக் கழுவுங்கள். வாளியிலிருந்து எடுத்ததை மேலே சொன்னதுபோல ஆற்றி, முக்கால் போத்தலுக்கு ஊற்றுங்கள். போத்தலை நெருக்கி, பியர் வாய்மட்டத்துக்கு ஏறிக் காற்றெல்லாம் வெளியே போன பிறகு மூடியை இறுக்குங்கள். போத்தல் இப்போது ஒட்டிய வயிறுபோல உள்வாங்கியிருக்கும். அதைக் குசினியில் சூடான மூலையில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் அந்தப் பள்ளம் அப்படியே இருந்து, குடித்துப் பார்க்க இனிப்பும் இல்லையென்றால் ஈஸ்டுக்கு வேலை இல்லை. பள்ளம் நிமிர்ந்து, விரலால் அமத்த முடியாமல் இருந்தால் சீனி மிச்சம் இருக்கிறது. ஆற்றாமல் ஊற்றினால் இந்தச் சோதனை பிழைக்கும். ஏற்கெனவே கரைந்திருந்த வாயுவே வெளியேறிப் போத்தலை நிமிர்த்திவிடும், நீங்கள் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி: பன்னிரண்டு மணித்தியாலம் ஆகியும் குமிழியே வரவில்லை

முதலில் மூடியைப் பாருங்கள். வாளி மூடிகள் பெரும்பாலும் காற்றுப் பிடிக்காது. வாயு குழாய் வழியாகப் போகாமல் மூடியோரத்தால் போய்விடும், உள்ளே நொதிப்பு முழு வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் நுரையும் ஈஸ்ட் மணமும் இருக்கும். அப்படியானால் ஒரு பிழையும் இல்லை.

நுரையும் இல்லையென்றால் ஈஸ்ட் இறந்திருக்கலாம். பொதுவான காரணம் கசாயம் ஆற முன்னர் போட்டது. கை பொறுக்கிற சூடு என்று நாங்கள் நினைக்கிறது சில வேளை ஈஸ்டுக்குப் பொறுக்காது. மற்றது, எப்போதோ உடைத்துக் கட்டிவைத்த பைக்கற். எங்களுடைய ஈரக் காற்றில் அது சீக்கிரம் கெட்டுவிடும். கொஞ்ச ஈஸ்டை இளஞ்சூட்டுச் சீனித் தண்ணீரில் போட்டுக் கால் மணித்தியாலம் பாருங்கள். நுரைத்து மேலே வந்தால் நல்லது, அதையே வாளியில் ஊற்றுங்கள். நுரைக்காவிட்டால் புதுப் பைக்கற் வாங்குங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, திறந்தபடி ஆறவிட்டுப் பாவியுங்கள்.

அறிகுறி: குமிழி நின்றுவிட்டது, ஆனால் இன்னும் இனிக்கிறது

இதுதான் ஆபத்தானது. அளந்து பாருங்கள். 1.006, 1.008 என்று நிற்கிறதா? ஈஸ்ட் களைத்துப் போய்ப் பாதி வழியில் இருந்துவிட்டது.

களைப்பதற்குப் பெரிய காரணம் பட்டினி. சீனி ஈஸ்டுக்குச் சோறு மாதிரி, ஆனால் கறி இல்லாத வெறும் சோறு. மோல்ட்டில் இருக்கிற நைதரசன் சத்து வெள்ளைச் சீனியில் அறவே இல்லை. இன்னொரு காரணம் புளி. நொதிக்கும்போது கலவை தானாகவே புளிக்கும், நாங்கள் வேறு தேசிப்புளி விடுகிறோம். அளவுக்கு மீறிப் புளித்தால் ஈஸ்ட் நின்றுவிடும். எங்களுடைய கடின நீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அந்தப் புளியைக் கொஞ்சம் முறிக்கும். சுத்திகரித்த போத்தல் தண்ணீரில் வைத்தால் அந்தக் காப்பு இல்லை. வடிகட்டிய தண்ணீரில் வைத்தது பாதியில் நிற்க, கிணற்றுத் தண்ணீரில் வைத்தது ஓடி முடிந்ததை நான் ஒரே கிழமையில் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது: சுத்தமான அகப்பையால் அடியில் படிந்த ஈஸ்டை மெதுவாகக் கிளப்பிவிடுங்கள். ஒரு துண்டுப் பனங்கட்டியை, அல்லது பத்துப் பன்னிரண்டு உலர்ந்த திராட்சையை, கொஞ்சத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். அத்தோடு நுரைக்க வைத்த புது ஈஸ்ட் கால் தேக்கரண்டி. ஒரு நாளில் அளவு இறங்கத் தொடங்கும். அடுத்த முறை வைக்கும்போது கசாயம் கொதிக்கிற நேரத்திலேயே ஒரு சிட்டிகை ஈஸ்டைப் போட்டுக் கொதிக்க விடுங்கள். அது செத்து, பிறகு போடுகிற உயிருள்ள ஈஸ்டுக்குச் சாப்பாடாகும். எனக்கு இதற்குப் பிறகு பாதியில் நிற்கிற பிரச்சினை மிகவும் குறைந்துவிட்டது.

அறிகுறி: பத்து நாளாகிறது, குமிழி நிற்கவே இல்லை

மத்தியானம் குமிழி வருகிறதா, இரவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நொதிப்பு எப்போதோ முடிந்திருக்கலாம். 30 பாகையில் கரைந்து நிற்கக்கூடிய வாயு 20 பாகையில் நிற்பதை விட நாலில் ஒரு பங்கு குறைவு. தகரக் கூரைக்குக் கீழே வாளி சூடேறச் சூடேற, பிடித்து வைத்திருந்த வாயுவை விட்டுவிடும். இரவில் குளிரும்போது குழாய்க்குள் தண்ணீர் பின்னோக்கி ஏறி நிற்பதையும் காணலாம். இரண்டு தரம் அளந்து ஒன்றாக இருந்தால் குமிழியைப் பொருட்படுத்த வேண்டாம்.

அளவு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்து, புளிப்பும் கூடினால் அது வேறு. ஈஸ்டோடு பற்றீரியாவும் புகுந்திருக்கிறது. அப்ப மாவுக்கு விடுவதுபோல இதற்கும் கள்ளு விட்டுத் தொடங்குகிறவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள். கள்ளில் ஈஸ்ட் மட்டும் இல்லை, புளிக்க வைக்கிற பற்றீரியாவும் சேர்ந்தே இருக்கிறது. விடிய இறக்கிய கள்ளு பின்னேரத்தில் என்னவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்பத்துக்கு அந்தப் புளிப்பு ருசி, ஒரு இரவில் வேலை முடிந்துவிடும். போத்தலில் வாரக்கணக்காக அடைத்து வைக்கிற பொருளுக்கு அது சரிவராது. அப்படிப் புளித்துக்கொண்டே போவதை மூடி வைக்காமல் உடனே குடித்து முடியுங்கள், அல்லது ஊற்றிவிடுங்கள்.

அறிகுறி: கலங்கல் தெளியவில்லை

இதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம். இஞ்சியில் மாச்சத்து இருக்கிறது, கொதிக்க வைத்ததும் அது கரைந்து கலங்கலாகவே நிற்கும். முடிந்தது கலங்கலாக இருக்கும், முடியாதது தெளிந்தும் இருக்கும்.

அறிகுறி: போத்தல் கல்லுமாதிரி இறுகிவிட்டது, திறந்தால் கூரைக்குப் பாய்கிறது

முதலில் செய்ய வேண்டியது, திறக்காமல் குளிர வைப்பது. பிளாஸ்ரிக் போத்தலென்றால் ஐஸ் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் வைத்து, பிறகு துணியால் மூடிப் பிடித்து, மூடியை ஒரு நூல் அளவு திருப்பி, சீறல் அடங்க விட்டு, மறுபடி இறுக்கி, இப்படி நாலைந்து தரம் செய்யுங்கள். கண்ணாடிப் போத்தலென்றால் கையில் எடுக்க முன்னரே தடித்த ஈரச் சாக்கால் முழுவதும் மூடுங்கள், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

கணக்கைப் பார்த்தால் ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்கும். முழுக்க முடிந்த பியருக்கு வாயு ஏற்ற நான் லீற்றருக்கு 6 கிராம் சீனிக்கு மேல் போடுவதில்லை. ஒன்றரை லீற்றர்ப் போத்தலுக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி போட்டால் போதும். நன்றாகச் சீறுகிற சோடா வந்துவிடும். இப்போது 0.999 இல் முடிய வேண்டியதை 1.008 இல் அடைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் சீனி உள்ளே போய்விட்டது, தேவையானதைப்போல மூன்று மடங்கு. 0.004 மிச்சம் இருந்தாலே 8 கிராமுக்கு மேல், அதற்கு மேலே வாயுவுக்கென்று போடுகிற சீனி வேறு.

"இனிப்பாக இருந்தால்தானே எங்கள் வீட்டில் குடிப்பார்கள்" என்பீர்கள். உண்மைதான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இனிப்பாக அடைத்த இஞ்சிப் பியர் ஒருநாளும் முடிந்த பியர் இல்லை. பிறிட்ஜ் ஈஸ்டைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. பனையில் கருப்பநீர் இறக்குகிறவர்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி நொதிப்பையே தொடங்க விடாமல் செய்வார்கள். அது முழுத் தடை. பிறிட்ஜ் அப்படியல்ல, கரண்ட் இருக்கும்வரைதான் அதன் காவல்.

இதை நான் 2022 பங்குனியில் கற்றுக்கொண்டேன். நாடு முழுக்க ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டுப் போன காலம். இனிப்பாக அடைத்த ஆறு போத்தல், எல்லாம் பழைய கோடியல் கண்ணாடிப் போத்தல், பிறிட்ஜ் கதவில் வரிசையாக நின்றன. பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. இரவு ஒரு பெரிய சத்தம் கேட்டது, வெளியே ஏதோ ரயர் வெடித்ததென்று நினைத்தேன். ரோச் லைற் அடித்துப் பிறிட்ஜைத் திறந்தால் இரண்டு போத்தல் இல்லை. கழுத்து மட்டும் மூடியோடு கீழ்த்தட்டில் கிடந்தது. அடுத்த நாளைக்கென்று வைத்த தோசைமாச் சட்டிக்குள் கண்ணாடித் தூள். நடுத்தட்டில் ஒரு நீள வெடிப்பு. இரண்டு கிழமைக்குப் பிறகு கதவு றப்பரைத் துடைக்கும்போது, விரல் நகம் அளவில் ஒரு துண்டு அதற்குள் செருகியிருந்ததைக் கண்டேன். அப்போது தங்கச்சியின் மகனுக்கு ஆறு வயது. இரவில் தண்ணீர் குடிக்கத் தானாக எழும்பிப் போய்ப் பிறிட்ஜைத் திறக்கிற பிள்ளை. அவனுடைய முகம் அந்தக் கதவுத் தட்டின் உயரத்துக்குத்தான் வரும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லை. சோடா அடைத்து வந்த பிளாஸ்ரிக் போத்தல் மட்டும்தான். அது அழுத்தம் தாங்கச் செய்தது, இறுகுவது கைக்கும் தெரியும். தண்ணீர் வந்த மெல்லிய போத்தல் வேண்டாம். இனிப்பாக அடைக்கிறவர்கள் வெளியே வைத்து, அமத்தினால் புதுச் சோடாப் போத்தல்போல இருக்கிறது என்று தெரிந்த உடனே பிறிட்ஜில் வையுங்கள். இந்த வெக்கையில் அது பெரும்பாலும் ஒரு நாள்தான், சில வேளை அதற்கும் குறைவு. ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். கரண்ட் நாலைந்து மணித்தியாலம் நின்றால் எல்லாப் போத்தலையும் அமத்திப் பாருங்கள், இறுகியதைக் கொஞ்சம் சீறவிட்டு மூடுங்கள். வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டு நொதிப்பை நிறுத்தலாம் என்று மூடிய போத்தலை அடுப்பில் சுடுதண்ணீரில் வைக்கவே வேண்டாம்.

முறைப்படி முடிந்த பியரை அளவாகச் சீனி போட்டு அடைத்தும் பாய்கிறதென்றால், ஊற்றி ருசி பாருங்கள். இனிப்பில்லாமல், தண்ணீராக, புளிப்பாக இருந்தால் போத்தல் கழுவினது போதாது. உள்ளே போன வேறு கிருமி மிச்சச் சத்தையெல்லாம் தின்றிருக்கிறது.

அறிகுறி: கூழ்முட்டை மணம்

பயப்பட வேண்டாம். சத்துக் குறைந்த கலவையில் ஈஸ்ட் கந்தக மணம் விடுவது வழக்கம். போத்தலில் அடைக்காமல் வாளியிலேயே இரண்டு நாள் கூட விட்டால் வெளியேறும் வாயுவோடு பெரும்பாலும் போய்விடும். மணம் இருக்கும்வரை போத்தலில் அடைக்காதீர்கள். மணம் இருப்பது பெரும்பாலும் வேலை இன்னும் நடக்கிறது என்பதற்கும் அடையாளம்.

அறிகுறி: மேலே ஆடை, அல்லது வினாகிரி மணம்

வெள்ளையாக, மெல்லிய சுருங்கின ஆடை என்றால் காற்றுப் பட்ட காட்டு ஈஸ்ட். அளந்து பார்த்து முடிந்திருந்தால், ஆடை குலையாமல் கீழிருந்து குழாயால் இறக்கி, ருசி சரியென்றால் சீக்கிரம் குடித்துவிடலாம், நாள் கணக்காக வைக்க முடியாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல எழும்பியிருந்தால் பூஞ்சணம், முழுவதையும் ஊற்றுங்கள். மேலே அள்ளி எறிந்துவிட்டுக் குடிக்கலாம் என்று பார்க்காதீர்கள்.

வினாகிரி மணத்துக்குக் காற்றும் பழ ஈயும்தான் காரணம். மாம்பழக் காலத்தில் குசினியில் அந்த ஈ இல்லாத வீடு இல்லை. ஈ ஒன்று விழுந்தாலே போதும். அந்த வாளி திரும்பி வராது. மூடியையும் குழாயையும் சரிபார்த்து, வாளியைக் கொதிநீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

அறிகுறி: முடிந்ததை அடைத்தேன், ஒரு கிழமையாகியும் போத்தலில் வாயுவே இல்லை

மூடியை இறுக்கி, போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் வாயு நிற்காது. ஒரே மூடியைப் பலமுறை பாவித்தால் உள்ளே இருக்கிற வளையம் தேய்ந்துவிடும். மூடி சரியென்றால், சீனி போட்ட பிறகு பிறிட்ஜில் வைத்தீர்களா என்று யோசியுங்கள். வாயு ஏறுவதற்கு முதல் நாலைந்து நாள் வெளியே நிற்க வேண்டும். வெளியேதான் நின்றது, அப்படியும் இல்லையென்றால், ஈஸ்ட் முழுக்க அடியில் தங்கி வாளியிலேயே நின்றுவிட்டது. போத்தலைத் திறந்து இன்னும் சீனி போடத்தான் கை போகும். போட வேண்டாம், முன்னர் போட்டது அப்படியே உள்ளேதான் இருக்கிறது. நாலைந்து சிறு மணியளவு ஈஸ்டை மட்டும் போட்டு மூடி, போத்தலில் திகதியை எழுதி, நாளைக்கு ஒரு தரம் அமத்திப் பாருங்கள்.